கல்லூரி ஆங்கிலமும் உப்பளத்துப் பிள்ளைகளும்

(மரக்காணத்தில் நிகழ்ந்த நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் ஓதுவிப்பவன் ஒருவன் ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேச எழுந்தமை இவ்வவையிற் சிலர்க்கு வியப்பாகவும், சிலர்க்கு வருத்தமாகவும் இருத்தல் கூடும். ஆங்கிலத்தில் யாம் வல்லுநரல்லோம். இருபது யாண்டுகளாக இக்கடற்கரைப் பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லி வருகின்றோம். அப்பணியே எமக்கு உவப்பானது. ஆயினும், எம் வகுப்பில் தலைசிறந்து நின்ற பிள்ளைகள் கல்லூரி வாயிலைக் கடந்தபின் யாது ஆகின்றனர் என்று நெடுநாள் யாம் வினவாதிருந்தோம். அது பிழையென்று இப்பொழுது உணர்கின்றோம். அப்பிழையை இவ்வவையின்முன் கூறி, அதற்குக் கழுவாயாக நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணியொன்றையும் கூறி அமர்வோம். எம் சொற்களிற் குற்றமிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

எம் பிழை

சில ஆண்டுகட்கு முன்னர் எம்மிடம் ஒரு மாணவன் பயின்றான். அவன் பெயரை ஈண்டுக் கூறுதல் முறையன்று. தந்தை பாத்தியில் உப்பு வாருபவர். தாய் அவ்வுப்பைக் கூடையிற் சுமந்து கரையிற் குவிப்பவர். அம்மாணவன் கணக்கிலும் அறிவியலிலும் வகுப்பின் முதல்வன். தமிழிலோ, யாம் ஒருமுறை கூறியதை மறுமுறை கூற வேண்டியதில்லை. ஆங்கிலம் ஒன்றே அவனுக்குக் கைவரவில்லை. அதனைத் தனியே எவரிடமேனும் படிக்கலாமோ என்று ஒருநாள் எம்மை வினவினான். யாம் நகைத்து, "தமிழ் நன்கறிந்தவனுக்கு எம்மொழியும் தானே வரும், போ" என்று கூறி விடுத்தோம். அதனை அவன் வாழ்த்தாகக் கொண்டு சென்றான். உண்மையில் அது வாழ்த்தன்று; எம் செருக்கும் சோம்பலும் கூடிப் பேசிய பேச்சு.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பெற்றோர் கடன்பட்டுத் தொலைவிலுள்ள கல்லூரியொன்றிற் சேர்த்தனர். ஐப்பசி மழை தொடங்கி, அளங்களெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக்கிடந்த நாளொன்றில் அவனைக் கடைத்தெருவிற் கண்டோம். விடுமுறையோ என்று வினவினோம். "இல்லை ஐயா, வந்துவிட்டேன்" என்றான்.

மறுநாள் அவன் வீட்டிற்குச் சென்றோம். தாயார், "வாத்தியாரய்யா! எங்கள் சொல் அவன் காதில் ஏறவில்லை, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கண்கலங்கினார். அவன் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். பேராசிரியர் ஆங்கிலத்திற் சொல்லியவற்றை, பொருள் விளங்காமலே, காதில் விழுந்த ஒலிக்கேற்பத் தமிழெழுத்தில் வரைந்து வைத்திருந்தான். இரவில் விடுதியில் அகராதியைத் திறந்து அவ்வொலிகளைத் தேடுவானாம். ஆங்கிலத்தில் ஒலிப்பது ஒன்று, எழுதுவது வேறொன்று ஆதலின், அகராதியும் அவனைக் கைவிட்டது. "விடை எனக்குத் தெரியும் ஐயா, வினாத்தான் தெரியவில்லை" என்றான்.

பெரியோர்களே! இருபது யாண்டு ஆசிரியப்பணியில் யாம் பெற்ற பாராட்டுகளெல்லாம் அவ்வொரு சொல்லின்முன் நில்லாவாயின. அவன் அறிவிற் குறையில்லை, உழைப்பிற் குறையில்லை. அவன் அறிவுக்கும் கல்லூரி வகுப்புக்கும் இடையே ஒரு வாய்க்கால் வெட்டப்படவில்லை. அதனை வெட்டியிருக்க வேண்டியவர்களுள் யாமும் ஒருவர்.

கல்லூரி யாருக்கென அமைந்தது?

இவ்விடர் ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. இதன் வேர் எங்கேயுளது என்று சிறிது நோக்குவோம். 1835 ஆம் ஆண்டில் மெக்காலே என்பார் தம் குறிப்பில், அரசின் கல்விப்பொருள் ஆங்கிலக் கல்விக்கே செலவிடப்படல் வேண்டுமென வாதிட்டார். 1854 இல் வெளிவந்த உட் என்பாரின் கல்வியறிக்கை, பொதுமக்கட்குத் தாய்மொழியும் உயர்கல்விக்கு ஆங்கிலமும் என வகுத்தது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வடிப்படையில் எழுந்தது. ஆகவே, கல்லூரி என்பது தொடக்கத்திலேயே ஆங்கிலம் முன்னர்க் கைவந்தவர்க்கென அமைந்த கட்டடமாயிற்று. அந்நாளில் அதனுட் புகுந்தவர் ஒரு சிலரே. அவர் உயர்நிலைப்பள்ளியிலேயே ஆங்கிலத்திற் பயின்று வந்தவர். அவர்க்கு அதன் வாயிற்படி உயரமாகத் தோன்றவில்லை.

இன்று நிலை வேறு. நம் மாநிலத்தில் அரசுப்பள்ளிப் பிள்ளைகட்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020 இல் ஒதுக்கப்பட்டது. பொறியியல் முதலிய தொழிற்கல்விகட்கும் அது 2021 இல் விரிந்தது. அரசுப்பள்ளியிற் படித்து உயர்கல்வி பயிலும் பெண்மக்கட்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 இலும், ஆண்மக்கட்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 இலும் தொடங்கின. இவற்றால் உப்பளத்துப் பிள்ளையும், வலைஞர் பிள்ளையும், உழவர் பிள்ளையும் கல்லூரிக்குள் நுழைகின்றனர். இஃது ஈராயிரம் ஆண்டுக் கடற்கரையில் இதுகாறும் நிகழாத பெருமாறுதல். ஆயினும், நுழைந்த பிள்ளை முதனாட் பாடத்திலேயே மொழியறியாமல் இடருறுமாயின், நுழைவித்த நன்மை பாதியிலே நின்றுவிடும் அன்றோ?

கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கப்படவில்லையோ எனின், கற்பிக்கப்படுகின்றது. நம் கலை அறிவியற் கல்லூரிகளில் முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி அவரவர் சிறப்புப் பாடம். பெரும்பாலான படிப்புகளில் இரண்டாம் பகுதியாகிய ஆங்கிலம் நான்கு பருவங்கள் நடைபெறும். எனினும் அவ்வகுப்பில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்தது யாது? உரைநடைக் கட்டுரை சில, செய்யுள் சில, சிறுகதை சில, இலக்கணம் சிறிது. ஆசிரியர் அவற்றின் பொருளை விரித்துரைப்பார். மாணவர் விடைநூலொன்றை வாங்கிக் கட்டுரைகளை நெட்டுருச் செய்து எழுதித் தேறுவர். தேறியபின்னும் ஓர் அறிவிப்பைப் படித்துப் பொருளுணரவோ, ஐந்து வரியிற் கடிதம் வரையவோ பலர்க்கு இயலாது.

இதன் காரணம் தெளிவானது. ஒரு மொழியின் இலக்கியத்தைக் கற்பித்தல் வேறு. அம்மொழியையே கற்பித்தல் வேறு. தமிழறியாத ஒருவர் நம்மிடம் வந்து தமிழ் கற்க விரும்பினால், முதனாளிலேயே அவர் கையிற் கலித்தொகையைக் கொடுப்போமா? கொடேம். "தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கவும், கேட்டவர் சொல்லும் விடையை உணரவும் முதலிற் பழக்குவோம். வீட்டு மொழி ஒன்றாக, ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பார்க்கும் இதுவே முறை. நன்னூலார் பாடஞ்சொல்லும் முறையை வகுத்தபோது, மாணவன் எவ்வாறு கொள்ளவல்லன் என்பதை அறிந்து அதற்கேற்ப ஆசிரியன் வழங்கவேண்டுமென்றார். அவ்விலக்கணம் தமிழாசிரியர்க்கு மட்டும் உரியதன்று.

பிற நாட்டார் கண்ட நெறி

இத்துறையில் அறிஞர் பலர் உழைத்துள்ளனர். அவருட் சிலர் நம் நாட்டிலேயே உழைத்தவர். டாக்காவில் ஆசிரியராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளப் பிள்ளைகளுட் பலர் பள்ளியை நடுவிலே விட்டுச் செல்வதைக் கண்டார். எந்தக் கட்டத்தில் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தினும், அதுவரை கற்றது அவனுக்குப் பயன்படுமாறு பாடம் அமைதல் வேண்டுமென்று 1926 இல் வெளியான தம் நூலில் எழுதினார். அடிக்கடி வழங்கும் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு, இன்றியமையாத ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பட்டியலை 1953 இல் வெளியிட்டார். எச்சொல் முதலில் வேண்டும், எச்சொல் பின்னர் வரலாம் என்னும் வரிசை அதனால் தெளிவாயிற்று.

அதன்பின், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு என்னும் அறிஞர் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கண விதியை முதலில் ஓதாமல், புகைவண்டிக் கால அட்டவணையைப் பார்த்து வழி கூறுதல், படத்தை நோக்கி இடங்காட்டுதல் போன்ற செயல்களைப் பிள்ளைகட்கு அளித்தார். செயலை முடிக்கும் கருத்திலே மொழி தானே படியுமென்பது அவர் கொள்கை. உலகெங்கும் மொழியாசிரியர் இன்று அம்முயற்சியை எடுத்துப் பேசுகின்றனர்.

கடல்கடந்த நாடுகளிலும் இவ்வினா எழுந்தது. கனடாவிற் குடியேறுவோர்க்கு மொழி கற்பிக்கும் அரசுத்திட்டம் 1992 இல் தொடங்கிற்று. ஈழத்திலிருந்து அங்குச் சென்ற நம் தமிழர் பலர் அவ்வகுப்புகளிற் பயின்றனர். கைக்குழந்தையுடைய தாயரும் பயிலுமாறு குழந்தை காக்கும் ஏற்பாடும் அத்திட்டத்தில் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ வேறொரு பாடம் கிடைத்தது. அங்குள்ள பொதுக்கல்லூரிகளில், ஆங்கிலம் போதாதென்று கருதப்பட்ட மாணவரை முன்வகுப்பு ஒன்று, அதன்பின் மற்றொன்று எனப் பல படிகளில் நிறுத்தி வைத்தனர். பலர் உண்மைப் பாடத்தை எட்டுமுன்பே களைத்துப் போயினர். ஆகவே 2017 இல் இயற்றிய சட்டத்தால் அக்காத்திருப்பைக் குறைத்தனர். நாம் அறியத்தக்கது இது: முன்பயிற்சி வேண்டும், அம்முன்பயிற்சியே மாணவனைக் கட்டிப்போடும் தளையாகவும் ஆகாது.

நம் அரசும் 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ் ஆங்கிலப் பேச்சுத்திறன் முதலிய பயிற்சிகளைக் கல்லூரிகளிற் புகுத்தியுள்ளது. அது நன்று. ஆயினும் முதற்பருவத்தின் முதற்கிழமையிலேயே பிள்ளையின் மனம் முறிந்துவிடுவதுண்டு. அம்முதற்கிழமைக்கு முன்னரே உதவி சென்று சேர்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

தமிழ் என்னாகும்?

"ஆங்கிலத்தை இவ்வளவு வற்புறுத்தினால் தமிழ் என்னாகும்?" என்று எம்மை வினவுவோர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823 இல் ஓர் உயர்கல்விச்சாலை நிறுவினர். ஆங்கிலத்தோடு தமிழும் அங்குக் கற்பிக்கப்பட்டது. அச்சாலை 1855 இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவர்தம் ஆசிரியர் விசுவநாத பிள்ளையும், 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆங்கிலத்திற் பட்டம்பெற்ற அத்தாமோதரம் பிள்ளையே பின்னர் ஏடு தேடி அலைந்து, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலம் அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. இரு மொழியும் ஒருங்கே ஊன்றிய மனம் தமிழைக் காத்தது.

அதே யாழ்ப்பாணத்தில் 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பார் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தாமே தமிழ் கற்று, 1860களில் தமிழிலேயே மருத்துவக்கல்வி நடத்தினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உயர்ந்த அறிவியலும் தமிழில் இயலுமென்பதற்கு அவர் சான்று. நம் மாநிலத்திலும் 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியிற் பட்டப்படிப்புத் தமிழ்வழியில் தொடங்கப்பட்டது. 2010 இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியிற் புகுந்தன. கல்லூரிப் பாடமனைத்தும் தமிழில் நிகழும் நாளை எம்மினும் விரும்புவார் இலர். அந்நாளுக்கு நூல்கள் பெருகல் வேண்டும். தொழிலிடங்கள் அதனை ஏற்றல் வேண்டும். அதுவரை இன்று பதினேழு அகவையுடைய பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லுதல் அறமாகாது. தமிழ்வழிக் கல்விக்கு வாதாடுவோம்; அவ்வாதத்திற்கு நம் பிள்ளையைப் பலியிடோம்.

இம்மண்ணுக்கும் அயன்மொழி புதிதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் பேசப்படுகின்றது. அப்பட்டினத்தையும், கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகரொருவர் எழுதிய கடற்பயண நூலிற் காணும் சோபட்மா என்னும் துறையையும் அறிஞர் பலர் இம்மரக்காணமென்றே கருதுகின்றனர். தெற்கே சிறிது தொலைவிலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் வீலர் அகழ்ந்தபோது, உரோமானிய மட்கலங்களும் தமிழெழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அயலார் கலத்தோடு அவர் மொழியும் இக்கரையில் இறங்கியிருக்கும். நம் முன்னோர் அதனைக் கேட்டு, பேசி, வணிகம் நடத்தினர். தம் மொழியை இழந்திலர்.

உப்பளம் கற்பிப்பது

அன்பர்களே! இதுகாறும் நூல் கூறியதைச் சொன்னோம். இனி நம் அளம் கூறுவதைச் சொல்வோம். கடல்நீரை நேரே உப்புப் பாத்தியிற் பாய்ச்சி எவரேனும் உப்பெடுத்ததுண்டா? நீரை முதலிற் பெருந்தேக்கத்தில் நிறுத்துகின்றோம். பின் ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு மாற்றி வெயிலிற் காய்ச்சுகின்றோம். போமே என்னும் அளவையில் ஏறத்தாழ 3 பாகையாயிருந்த கடல்நீர், படிப்படியாக முற்றி, 25 பாகையை எட்டும்போதுதான் உப்பாக விளைகின்றது. இடைப்பாத்தி இல்லையேல் விளைச்சலில்லை. பள்ளி கடல், கல்லூரி உப்புப் பாத்தி. இடைப்பாத்தியை நாம் அமைக்கவில்லை. உப்பு விளையவில்லையே என்று நீரைப் பழிக்கின்றோம்.

மற்றொன்று காண்மின். வேதியியல் வகுப்பில் 'எவாப்பரேசன்' என்றும், 'கான்சென்ட்ரேசன்' என்றும், 'கிரிஸ்டலைசேசன்' என்றும் கூறும்போது நம் பிள்ளை திகைக்கின்றான். அவை ஆவியாதல், செறிவு, படிகமாதல் என்னும் மூன்றே. அவற்றைத் தமிழ்ப் பாடநூலில் அவன் படித்துள்ளான். படிக்குமுன்பே தன் தந்தையின் பாத்தியிற் கண்ணாற் கண்டுள்ளான். பட்டணத்துப் பிள்ளை படத்திற் காண்பதை இவன் காலால் மிதித்து அறிந்தவன். இவனுக்கு இல்லாதது பொருளறிவன்று. அப்பொருளின் மற்றொரு பெயர். அப்பெயரைச் சூட்டிவிட்டால் வகுப்பின் முன்வரிசையில் இவன் அமர்வான்.

ஈண்டுத்தான் தமிழாசிரியனும் பயன்படுகின்றான். ஆங்கிலத்தில் நம் பிள்ளை தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டால் விளங்குவன. தமிழில் வேற்றுமையுருபு பெயர்க்குப் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அப்பொருள் தரும் சொல் பெயர்க்கு முன் தனித்து நிற்கும். தமிழில் வினை தொடரின் இறுதியில் அமையும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆங்கிலப் பெயர்க்கு முன்வரும் 'எ', 'தி' என்னும் சிறுசொற்கட்கு நேரான வழக்குத் தமிழில் இல்லை. அதனாலேயே நம்மவர் அவற்றை விட்டுவிடுகின்றனர். 'தேர்ஃபோர்', 'ஹவெவர்' என்பன 'ஆதலால்', 'ஆயினும்' என்னும் இணைப்புச் சொற்களே. அவற்றைக் காதாற் பிடிக்கக் கற்றவன், பேராசிரியர் உரையின் போக்கைப் பிடித்துவிடுவான். தேர்வுத்தாளில் 'டிஃபைன்' என்றால் வரையறு. 'கம்பேர்' என்றால் ஒப்பிடு. 'டிரைவ்' என்றால் வருவி. இத்தகைய ஏவற்சொற்கள் ஐம்பது அறிந்திருந்தால், "வினாத்தான் தெரியவில்லை" என்று எம் மாணவன் சொல்லியிரான்.

சிறுமுயற்சி ஒன்று

அவன் திரும்பிவந்த அடுத்த வேனிலில், எம் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பரிடம் சென்று எம் பிழையை உரைத்தோம். அவர் இசைந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதிய பிள்ளைகள் பதினொருவரைக் கொண்டு மாலை வகுப்பொன்று தொடங்கினோம். வேனில் உப்பு வாரும் காலம். பிள்ளைகள் விடியுமுன் பெற்றோருடன் அளத்திற்குச் செல்வர். ஆதலின் மாலை ஆறரை மணிக்குமேல் இரண்டு மணிநேரம் பாடம். நண்பர் ஆங்கிலத்தில் அறிவியற் பாடமொன்றைப் பத்து நிமையம் பேசுவார். பிள்ளைகள் கேட்டதைத் தமிழில் எமக்குச் சொல்வர். பிறகு அதனையே ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதுவர். யாமும் பலகையில் அவர்களோடு அமர்ந்து எழுதினோம். எம் எழுத்தில் நண்பர் சிவப்புக்கோடு இட்டபோது பிள்ளைகள் பெரிதும் மகிழ்ந்தனர்! ஆசிரியரும் பிழைசெய்வார் என்று கண்டபின் அவர்கள் வாய்திறக்க அஞ்சவில்லை.

பதினொருவரும் வெற்றிபெற்றனர் என்று புனைந்துரைக்க மாட்டோம். மூவர் நடுவில் நின்றுவிட்டனர். ஒருத்திக்குத் திருமணம் முடிந்தது. ஆறு பிள்ளைகள் கல்லூரியிற் சேர்ந்தனர். அவருள் எவரும் முதலாண்டிற் கல்லூரியை விட்டிலர். ஒரு பெண் முதற்பருவ முடிவில் எம்மிடம் வந்து, "ஐயா, முதல் மாதம் பாதிதான் புரிந்தது, ஆனால் எந்தப் பாதி புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது, அதைக் கேட்டேன்" என்றாள். கல்வியின் தொடக்கம் அதுவே.

சங்கம் செய்யத்தக்கன

இனி எம் வேண்டுகோள்களைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, ஆண்டுதோறும் தேர்வு முடிந்த நாள் தொட்டுக் கல்லூரி திறக்கும் வரை, நாற்பது நாள் மாலை வகுப்பை நம் சங்கம் ஏற்று நடத்துக. இடம் சங்கக் கட்டடமே போதும். விளக்கும், கரும்பலகையும், இரண்டு ஆசிரியரும் வேண்டும். கட்டணம் வாங்குதல் கூடாது.

இரண்டாவது, அவ்வகுப்பு நம்மவர்க்கு மட்டும் என்னும் வரையறை வேண்டா. அளத்தில் ஒரே வரப்பில் எல்லா இனத்தாரும் சுமை தூக்குகின்றனர். வகுப்பில் மட்டும் வரப்பு எதற்கு? இக்கரைப் பிள்ளை எவரேனும் வருக.

மூன்றாவது, பெண்மக்கள் இரவில் வீடு திரும்புதற்கு இளைஞரணி துணைபோதல் வேண்டும். பெண்பிள்ளை வகுப்பிற்கு வாராமைக்குப் பெரும்பாலும் மொழி காரணமன்று; இருளே காரணம்.

நான்காவது, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள கல்லூரிகளின் முதல்வர்களைச் சங்கப் பெரியோர் நேரிற் கண்டு, தமிழ்வழியில் வந்த பிள்ளைகட்கு முதற்பருவத்திலேனும் இரண்டாம் பகுதி ஆங்கிலத்தைச் சிறுகுழுக்களாகப் பிரித்து, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கையும் பழக்குமாறு வேண்டுக. நம் பிள்ளைகள் தாழ்ந்தவர் என்று தனியே பிரிக்கும் பிரிவாக அஃது ஆகாவண்ணம், ஒரு பருவத்தோடு முடிதல் வேண்டும்.

ஐந்தாவது, பெற்றோர்களே! பிள்ளை ஆங்கிலத்திற் பிழையாகப் பேசினால் நகையாதீர். தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசும் அயலாரை நாம் எவ்வளவு அன்போடு பாராட்டுகின்றோம்! அவ்வன்பில் ஒரு பங்கை நம் பிள்ளைக்கும் தருக.

ஈற்றில் ஒன்று. யாம் முதலிற் கூறிய மாணவன் இப்பொழுது உப்பு வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதுகின்றான். சென்ற வேனிலில் எம் மாலை வகுப்பிற்கு வந்து, பின்வரிசையில் அமர்ந்து, இளையவர்களோடு பயின்றான். இவ்வாண்டு கல்லூரி ஒன்றிற்கு மீண்டும் விண்ணப்பித்துள்ளான். விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தானே வரைந்து எம்மிடம் காட்டினான். அதில் இரண்டு பிழை இருந்தன. அவற்றை யாமே கண்டு திருத்தினோம் என்பதைச் சிறிது பெருமையோடு கூறிக்கொள்கின்றோம். அவனுக்கு இடம் கிடைக்குமோ அறியோம். முன்னர்ப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் அறிவோம். சங்கத்தின் கல்விநிதி எதற்காகத் திரட்டப்பட்டது என்பதைப் பெரியோர் இக்கூட்டம் முடிவதற்குள் எண்ணிப் பார்ப்பாராக.